தலைமை யாருடைய முதல்?

அந்நியப் படை கரையிறங்கிவிட்டது. நாட்டை ஆண்டு வந்தவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். கஜானா எதிரியின் கையில். சந்தை கூடவில்லை, சரக்குப் பொதி ஊர் விட்டு ஊர் போக வழியில்லை. இந்த வேளையில் ஜனங்கள் யாரிடம் போவார்கள்? தங்கள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவரிடம், பாகப்பிரிவினை வழக்கைத் தீர்த்து வைத்தவரிடம், ஜனாஸாத் தொழுகை நடத்தியவரிடம் போவார்கள். "நீங்களே எங்களை நடத்துங்கள்" என்பார்கள். கிதாபைப் பிடித்திருந்த கையில் வாளையும் முத்திரையையும் வைப்பார்கள்.

சரித்திரத்தில் இது பலமுறை நடந்திருக்கிறது. காக்கேசிய மலைகளில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் படையை 1834 முதல் 1859 வரை எதிர்த்து நின்ற ஷாமில், இமாம் என்ற பெயரோடுதான் நின்றார். மெக்சிகோ நாட்டில் 1810-ல் விடுதலைக் கொடியை உயர்த்திய மிகேல் இடால்கோ ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஈரானிலே, இராக்குடன் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, 1981 ஆகஸ்டில் ஜனாதிபதி ரஜாயீ வெடிகுண்டுக்குப் பலியானார். அக்டோபரில் ஸையிது அலீ காமனயீ என்ற ஆலிம் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டில் ஜனாதிபதி பதவிக்கு ஆலிம்கள் வர வேண்டாம் என்றே இமாம் குமைனி எண்ணியிருந்தார். யுத்தம் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

ஆகவே, ஆலிம் தலைமைக்கு வரலாமா கூடாதா என்று வாதாடுவதால் பயனில்லை. நெருக்கடி வந்தால் ஜனங்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அப்படிக் கொடுக்கப்பட்ட தலைமை யாருடைய முதல்? அவருடைய கல்விக்கும் பக்திக்கும் கிடைத்த சொத்தா? அல்லது பிறர் முதலை வாங்கி வியாபாரம் செய்கிறவனிடம் இருப்பது போன்ற அமானிதமா? அமானிதம் என்றால் எதுவரைக்கும்? கணக்கு யாரிடம் ஒப்படைப்பது?

இதை ஆராய, அல்ஜீரியாவின் அமீர் அப்துல் காதிருடைய வாழ்வைவிடத் தக்க உதாரணம் நமக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரே நம்மவருக்கு நெருக்கமானது. பக்தாதில் அடங்கியிருக்கும் முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி ஆண்டகையின் மவ்லிது ஓதாத தமிழ் முஸ்லிம் ஊர் அரிது. அந்த ஆண்டகையின் காதிரிய்யா தரீக்காவைச் சேர்ந்த ஒரு ஷைகின் வீட்டில், மேற்கு அல்ஜீரியாவில் மஸ்கரா நகரத்துக்கு அருகே, 1808-ல் பிறந்தவர் இந்த அப்துல் காதிர். தந்தையாரின் பெயரும் முஹிய்யித்தீன்தான். மகன் இளமையிலேயே குர்ஆனை மனனம் செய்து, தந்தையாரோடு ஹஜ்ஜுக்குப் போய், டமாஸ்கஸில் பாடம் கேட்டு, பக்தாதில் ஆண்டகையின் ஸியாரத்தையும் முடித்துத் திரும்பினார். ஸாவியாவில் ஓதுவதும் ஓதிக்கொடுப்பதும்தான் அவர் எண்ணம். அரசாட்சி அவர் கனவிலும் இருந்ததாகத் தெரியவில்லை.

யுத்தம் வந்த விதத்தை வியாபாரிகளாகிய நாம் கொஞ்சம் நின்று பார்க்கத்தான் வேண்டும். அது ஒரு கோதுமைக் கடனிலிருந்து முளைத்தது! பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்திய யுத்தங்களின் காலத்தில் பக்ரி, புஸ்னாக் என்ற அல்ஜியர்ஸ் வணிகக் குடும்பங்களின் வழியாகப் பிரான்சு தானியம் வாங்கியது. பணம் நிலுவையாக நின்றது. முப்பது ஆண்டுகளாகியும் தீரவில்லை. கடைசியில், 1827-ல், அல்ஜியர்ஸை ஆண்ட ஹுஸைன் என்னும் தேய், பதில் சொல்லாமல் இழுத்தடித்த பிரெஞ்சுக் கான்சலைத் தம் கையிலிருந்த ஈயோட்டி விசிறியால் அடித்துவிட்டார். அந்த அடியைக் காரணம் காட்டி முதலில் துறைமுகத்தை முற்றுகையிட்டார்கள். 1830-ல் படையை இறக்கினார்கள். ஜூலை 5-ந் தேதி நகரம் விழுந்தது. தேய் நேப்பிள்ஸுக்குக் கப்பலேறினார். துருக்கியப் படைவீரர்களையும் பிரெஞ்சுக்காரர்களே கப்பலேற்றி அனுப்பினார்கள். கடன்பட்டவன் கடன் கொடுத்தவன் ஊரையே எடுத்துக்கொண்ட கதை இது. ஆனால் ஆளுகிறவன் கோபத்தில் கையை நீட்டினால் அதன் விலையை அவன் மட்டும் கொடுப்பதில்லை என்பதையும் மறக்கலாகாது.

உள்நாட்டில் ஆட்சி என்று ஒன்று இல்லாமற் போயிற்று. மேற்குப் பகுதிக் கபீலாக்களின் பெரியவர்கள் ஷைகு முஹிய்யித்தீனிடம் வந்தார்கள். அவர் தம் வயதைக் காட்டி மறுத்தார். மகனைக் காட்டினார். 1832 நவம்பரில், மஸ்கராவை அடுத்த கரீஸ் சமவெளியில், ஒரு மரத்தடியில், இருபத்து நான்கு வயது இளைஞருக்குப் பைஅத்துச் செய்யப்பட்டது. தந்தையாரே கை கொடுத்தார். ஸுல்தான் என்ற பட்டம் வேண்டாமென்று சொல்லி, அமீர் என்ற பெயரோடு அவர் நின்றுகொண்டார். தாம் விரும்பாமலே இந்தப் பாரத்தை ஏற்றதாகவும், ஷரீஅத்தின்படி வலியவனுக்கும் எளியவனுக்கும் ஒரே நீதி செய்வதாகவும் கபீலாக்களுக்குக் கடிதம் அனுப்பினார்.

பைஅத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். விற்றல் வாங்கலைக் குறிக்கும் 'பைஉ' என்ற சொல்லோடு வேர் ஒன்றானது அது. சரக்கு கைமாறும்போது கையடித்துப் பேரத்தை முடிப்பதுபோல, கை கொடுத்துச் செய்யும் உடன்படிக்கை. ஆகவே அதில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கீழ்ப்படிகிறேன் என்கிறது; மறுபக்கம் நீதி செய்கிறேன், உங்களைக் காக்கிறேன் என்கிறது. ஒரு பக்கத்துச் சரக்கு வந்து சேராவிட்டால் பேரம் என்னவாகும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

முதல் கலீபா அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் துணி வியாபாரி. தலைமை ஏற்ற மறுநாள் துணி மூட்டையைச் சுமந்துகொண்டு சந்தைக்குப் புறப்பட்டார்கள் என்றும், உமர் (ரலி) அவர்கள் வழிமறித்து, சந்தைக்குப் போனால் முஸ்லிம்களின் காரியத்தை யார் பார்ப்பது என்று கேட்க, பைத்துல்மாலிலிருந்து ஒரு தொகை நிர்ணயிக்கப்பட்டது என்றும் சரித்திரம் கூறும். மரண வேளையில் அந்தத் தொகையையும் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் என்பார்கள். தலைமையைச் சம்பளத்துக்கு வாங்கிய வேலையாகவும், திருப்பித் தர வேண்டிய கடனாகவும் அவர்கள் பார்த்தார்கள்.

பிக்ஹு கிதாபுகளில் முளாரபா என்றொரு பாடம் உண்டு. ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். நஷ்டம் வந்தால், உழைத்தவன் கவனக்குறைவோ மோசடியோ செய்யாதவரை அவன் மேல் பொறுப்பில்லை. ஆனால் முதல் போட்டவர் அனுமதிக்காத காரியத்தில் அதை இறக்கினால் பொறுப்பு அவனுடையதுதான். வியாபாரம் முடிந்தால் மீதத்தை ஒப்படைக்க வேண்டும். அமீருடைய பதினைந்து ஆண்டுத் தலைமையை இந்தப் பாடத்தை வைத்தே பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கே முதல் பணமல்ல, ஜனங்களின் உயிர்.

அவர் என்ன செய்தார்? சிதறிக் கிடந்த கபீலாக்களைச் சேர்த்து ஓர் அரசு கட்டினார். நாட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் கலீபாக்களை நியமித்தார். காழிகளுக்குச் சம்பளம் கொடுத்தார். துருக்கியர் வாங்கிய பலவகை வரிகளை நீக்கி, ஷரீஅத்து விதித்த உஷ்ரையும் ஜகாத்தையும் அடிப்படையாக்கினார். தாக்தெம்த் என்ற இடத்தில் புதிய நகரம் எழுப்பி நாணயம் அடித்தார். யுத்தச் செலவு மிஞ்சியபோது கூடுதல் வரி தேவைப்பட்டது. அப்போது அவர் செய்த ஒரு காரியம் நம் மனத்தைக் கவர்கிறது. தாமே ஆலிமாக இருந்தும், மொரோக்கோவின் பாஸ் நகரத்து உலமாக்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார். எதிரிக்கு உதவுகிறவர்களை என்ன செய்வது? ஜகாத்துக் கொடுக்க மறுப்பவர்களை என்ன செய்வது? ஜகாத்துக்கு மேல் யுத்தத்துக்காக வசூலிக்கலாமா? பாஸ் நகரத்து அறிஞர் அத்தஸூலி விரிவாகப் பதில் எழுதினார். தம் கையிலேயே அதிகாரமும் கல்வியும் இருக்கும்போது வெளியே இன்னொருவரிடம் போய்க் கேட்பது சிறிய காரியமா? தன் கடைக் கணக்கைத் தானே எழுதித் தானே சரிபார்க்கும் முதலாளி என்றைக்காவது தப்புக் கண்டுபிடித்தது உண்டா?

எல்லாவற்றையும் நாம் மெச்சவில்லை. 1834-ல் ஓரான் படைத்தலைவர் தெமிஷேலோடு செய்த ஒப்பந்தத்தின் இரகசியப் பகுதியில், அர்ஸியூ துறைமுகத்துத் தானிய வியாபாரம் அமீரின் கைக்குள் வந்தது. துப்பாக்கிக்குப் பணம் வேண்டும், நியாயந்தான். ஆனால் விளைவித்தவன் சரக்கை விற்க ஒரே வாசல் என்றால், அந்த வாசலில் நிற்பவர் எத்தனை நல்லவராக இருந்தாலும் விலை அவர் சொல்வதுதான்.

1837 மே மாதத்தில் ஜெனரல் புஜோவோடு செய்த தாஃப்னா ஒப்பந்தம் வேறொரு பாடம். அமீர் பிரெஞ்சுப் படைக்கு 30,000 பனேகா கோதுமையும், 30,000 பனேகா பார்லியும், 5,000 மாடுகளும் கொடுப்பது என்றும், பதிலுக்கு உள்நாட்டின் பெரும்பகுதி அவர் ஆட்சியில் இருப்பது என்றும் ஏற்பாடு. இரண்டு மொழியில் எழுதினார்கள். பிரெஞ்சு வாசகம், ஆப்பிரிக்காவில் பிரான்சின் இறையாண்மையை அமீர் ஒப்புக்கொள்கிறார் என்றது. அரபு வாசகத்திலோ பிரான்சின் ஆட்சியை அமீர் அறிகிறார் என்ற பொருளே நின்றது. கிழக்கு எல்லையைக் குறித்த சொற்களும் இரண்டு விதமாக இருந்தன. அந்த எல்லைச் சண்டையே, 1839-ல் பிரெஞ்சுப் படை 'இரும்பு வாசல்' கணவாய் வழியே நடந்தபோது, மறுபடி யுத்தமாக வெடித்தது. மொழி தெரியாத பத்திரத்தில் முத்திரை வைத்து ஏமாந்த கதைகள் நம் வியாபாரிகளிடமும் நிறைய உண்டு. ஆனால் இங்கே கைவிட்டுப் போனது கடையோ கிட்டங்கியோ அல்ல, நாடு.

இனி, நமக்கு மிகக் கடினமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறோம்.

ஒப்பந்தத்தால் கிடைத்த அமைதிக் காலத்தில், 1838-ல், அமீர் தம் படையைத் தெற்கே ஓட்டினார். பிரெஞ்சுக்காரர் மேல் அல்ல. ஐன் மாளி என்ற பாலைவனச் சிற்றூரின் மேல்! அது திஜானிய்யா தரீக்காவின் தாய்வீடு. அதன் ஷைகு முஹம்மது அஸ்ஸகீர், தரீக்காவை நிறுவிய அஹ்மது திஜானியின் மகன். அவருடைய தமையனார், துருக்கியரை எதிர்த்து 1827-ல் மஸ்கராவுக்கு அருகே போரிட்டு மாண்டவர். இனி உலக அரசியலில் கை வைப்பதில்லை, யாருக்கும் கப்பம் கட்டுவதில்லை என்பது அந்த ஷைகின் நிலை. அமீரோ, தெற்கிலே தமக்கு ஒரு வலுவான தளம் வேண்டும், முஸ்லிம்கள் யாவரும் ஒரே தலைமைக்கு அடங்க வேண்டும் என்றார். மதில் சூழ்ந்த அந்தச் சிற்றூரை ஏறக்குறைய ஆறு மாதம் முற்றுகையிட்டார். கடைசியில் உடன்படிக்கை செய்து ஷைகு ஊரை விட்டு வெளியேறினார். அமீர் உள்ளே புகுந்து மதில்களை இடித்தார்.

உள்ளே இருந்தவர்களும் கலிமாச் சொன்னவர்களே. வெளியே இருந்தவர்களும் கலிமாச் சொன்னவர்களே. ஐந்து வேளையும் மதிலின் இருபுறமும் பாங்கு கேட்டிருக்கும்.

அமீரின் பக்கத்து நியாயத்தை நாம் மறைக்கவில்லை. எதிரி கடற்கரையில் காத்திருக்கிறான். ஒவ்வொரு ஷைகும் தன் மதிலுக்குள் தானே ராஜா என்றால் நாடு நிற்குமா? யுத்த காலத்தில் ஒற்றுமை என்பது வெறும் பேச்சல்ல, தோட்டா போல அதுவும் ஓர் ஆயுதம். பாஸ் நகரத்துப் பத்வாவும் கையில் இருந்தது. இத்தனையும் உண்மை. ஆயினும், கரீஸ் சமவெளியில் கை கொடுத்தவர்கள் எதற்காகக் கை கொடுத்தார்கள்? அந்நியனை விரட்டுவதற்காக. அந்த முதலை இன்னொரு முஸ்லிம் ஊரின் மதிலை இடிப்பதற்கு இறக்கலாம் என்று யார் சொன்னது? ஐன் மாளி ஷைகு அந்தப் பைஅத்தில் கை கொடுத்தவரும் அல்லர்.

ஆலிம் தலைவரானால் வரும் தனியான ஆபத்து இதுதான் என்று நாம் கருதுகிறோம். சாதாரண அரசனை ஒருவன் எதிர்த்தால், 'என் எதிரி' என்பான், அவ்வளவே. ஆலிமாகிய அரசனை எதிர்த்தால், 'மார்க்கத்தின் எதிரி' என்ற பட்டம் விழுந்துவிடுகிறது. தமக்கும் தீனுக்கும் நடுவிலுள்ள கோடு அவர் கண்ணுக்கே மங்கிவிடுகிறது. சுற்றியிருப்பவர்கள் அதை இன்னும் அழித்துவிடுகிறார்கள். யுத்தமோ, கேள்வி கேட்பவனைத் துரோகி என்று சொல்ல எப்போதும் ஒரு சாக்குத் தருகிறது.

பெரிய நாடுகளுக்குப் போக வேண்டாம். நம் ஜமாஅத்துகளிலும் சங்கங்களிலும் பார்க்கவில்லையா? கட்டடத்துக்கு வழக்கு வருகிறது, அல்லது குத்தகை முடிகிறது. ஒரு பெரியவரைக் கெஞ்சி, "இந்த ஒரு தவணை மட்டும் நீங்கள் இருங்கள்" என்று நாற்காலியில் அமர்த்துகிறோம். அவரும் நன்றாகவே நடத்தி நெருக்கடியைத் தீர்த்து வைக்கிறார். பத்து வருடம் கழித்து எவனோ ஒரு இளைஞன் வரவு செலவு கேட்கிறான். "பள்ளிவாசல் காரியத்தில் குழப்பம் பண்ணுகிறான்" என்ற பேச்சுப் பிறக்கிறது. பெரியவர் ஒரு காசு எடுத்திருக்கமாட்டார். ஆனால் கேட்டவன் தன்னைக் கேட்டானா, பள்ளிவாசலைக் கேட்டானா என்பது அவருக்கு இப்போது வேறுபடுத்தத் தெரியவில்லை.

ஐன் மாளியால் அமீருக்கு என்ன கிடைத்தது? யுத்தம் திரும்பியபோது திஜானிகள் பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தார்கள். அவ்வளவுதான் கிடைத்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. கைதிகளைக் கொல்லாமல் காப்பதில் அமீர் அந்தக் காலத்து ஐரோப்பியப் படைத்தலைவர்களுக்கே பாடம் சொன்னவர். உயிரோடு கொண்டுவரப்படும் கைதிக்கு வெகுமதி வைத்தார். கைதிகளைக் கேவலப்படுத்துவோரைத் தண்டித்தார். அல்ஜியர்ஸ் கத்தோலிக்க பிஷப் துய்புஷ் கேட்டுக்கொண்டதன் பேரில் 1841-ல் கைதிகளைப் பரிமாறிக்கொண்டார். எதிர்ப்பக்கத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1841-ல் புஜோ கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு பயிரை எரிப்பதும் ஆடு மாடுகளை ஓட்டிச் செல்வதுமே யுத்த முறையாயிற்று. 1845 ஜூனில் தஹ்ரா மலைக் குகைகளில் அடைக்கலம் புகுந்த உலாது ரியாஹ் கபீலாவினரை, ஆண் பெண் குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோரை, வாயிலில் தீ மூட்டிப் புகையால் கொன்றார் கர்னல் பெலிஸியே. இத்தனைக்கு நடுவிலும் அமீர் தம் சட்டத்தை விடவில்லை.

ஆனால் 1846 ஏப்ரலில், அவர் தொலைவில் போரிட்டுக்கொண்டிருக்க, மொரோக்கோ எல்லையில் இருந்த அவருடைய முகாமில் உணவில்லை, எதிரி நெருங்குகிறான் என்ற நிலையில், பிரெஞ்சுக் கைதிகளை, அதிகாரிகள் சிலர் நீங்கலாக, அங்கே பொறுப்பிலிருந்தவர்கள் கொன்றுவிட்டார்கள். அவர் அங்கே இல்லை. கட்டளை யாருடையது என்பது பற்றி அன்று முதல் வாதம் உண்டு. நாம் ஒன்று மட்டும் சொல்வோம். குமாஸ்தா கொடுத்த கள்ளச் சிட்டைக்கு முதலாளி, "நான் ஊரில் இல்லை" என்று சொல்லித் தப்ப முடியுமா? கடையின் பெயர்ப்பலகையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பேரேட்டில்தான் அது ஏறும்.

கொஞ்சங்கொஞ்சமாக எல்லாம் கைநழுவிற்று. 1841-ல் தாக்தெம்த் அழிந்தது. 1843 மே மாதத்தில், ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்த அவருடைய கூடார நகரமான ஸ்மாலா பிடிபட்டது. அவர் அரிதாகச் சேர்த்த கையெழுத்துக் கிதாபுகள் பலவும் கொள்ளை போயின. 1844-ல் இஸ்லி என்ற இடத்தில் மொரோக்கோப் படை தோற்றது. அதன் பிறகு மொரோக்கோ ஸுல்தானும் அவரைக் கைவிட்டார். பிரான்சோ அந்தச் சிறிய மனிதருக்காக ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படையை நாட்டில் நிறுத்தியிருந்தது.

1847 டிசம்பர். மழை பெய்யும் இரவு. சில குதிரைவீரர்களோடு பாலைவனத்துக்குள் நழுவிவிட அமீருக்கு வழி இருந்தது. பெண்களும் காயம்பட்டவர்களும் குழந்தைகளும் பின்னால் கிடப்பார்கள். தம்மோடு எஞ்சியிருந்தவர்களைக் கூட்டிக் கலந்து பேசினார். பிறகு சரணடைவது என்று தீர்மானித்தார். மழையில் எழுத முடியவில்லை. வெற்றுத் தாளில் தம் முத்திரையை மட்டும் பதித்து ஜெனரல் லமொரிசியேருக்கு அனுப்பினார். அவர் பதிலுக்குத் தம் வாளை அனுப்பினார். அலெக்சாண்டிரியாவுக்கோ அக்கா நகருக்கோ அமீரைக் கொண்டுபோய் விடுவது என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. அரசரின் மகனும் கவர்னர் ஜெனரலுமான தோமால் பிரபு அதை உறுதி செய்தார்.

வெற்றுத் தாளில் முத்திரை வைத்துக் கொடுப்பதைவிட ஒரு வியாபாரி என்ன நம்பிக்கை காட்ட முடியும்? அந்தக் கப்பல் தூலோன் துறைமுகத்துக்குப் போயிற்று. வாக்கு மீறப்பட்டது. தூலோன், போ, அம்புவாஸ் என்று ஐந்து ஆண்டுகள் பிரான்சிலேயே சிறை. உடன் வந்தவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் அம்புவாஸ் கோட்டையிலேயே மண்ணானார்கள். 1852-ல் லூயி நெப்போலியன் விடுவித்தார்.

சரணடைந்தது சரியா? அல்ஜீரியா அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல், 1962 வரை, அடிமைப்பட்டுக் கிடந்தது. சாகும்வரை போராடியிருக்கலாமே என்று கேட்பவர்களின் நெஞ்சு வேதனையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தம் உயிரைக் கொடுப்பது வேறு. தம் பெயர் நிலைப்பதற்காகப் பிறர் உயிரை இறக்கிக்கொண்டே இருப்பது வேறு. முதல் கரைந்துவிட்டது என்று தெரிந்தும் கடையைத் திறந்து வைத்து, நம்பி வருகிறவர்களிடம் மேலும் மேலும் கடன் வாங்குகிற வியாபாரியை நாம் வீரன் என்பதில்லை. அமீர் மீதத்தை எண்ணிப் பார்த்தார். மீதம் என்பது அந்தக் கூடாரங்களில் இருந்த பெண்டு பிள்ளைகள். அவர்களைக் காப்பாற்றிவிட்டுத் தலைமையைக் கீழே வைத்தார்.

கீழே வைத்த பின் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. புர்ஸாவில் சில காலம் தங்கி, 1855-ல் டமாஸ்கஸில் குடியேறினார். பதவி இல்லை, பழைய வேலையாகிய ஓதிக்கொடுத்தல் உண்டு. 1860 ஜூலையில் அந்த நகரத்தில் கலகம் மூண்டு, கிறிஸ்தவர் குடியிருப்புக்குத் தீ வைத்தார்கள். துருக்கிய கவர்னர் கைகட்டி நின்றார். அமீர் தம்மோடிருந்த அல்ஜீரியர்களை ஆயுதத்தோடு தெருத்தெருவாக அனுப்பி, கிறிஸ்தவர்களைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வீடு நிறைந்தபின் கோட்டைக்கு அனுப்பினார். உயிரோடு கொண்டுவரும் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கொடுத்தார். கலகக்காரர்கள் வாசலில் வந்து நின்றபோது தாமே வெளியே வந்து எதிர்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். அவர்களில் பிரெஞ்சுக் கான்சலும் ஒருவர். எந்தத் தேசம் அவருக்குக் கொடுத்த வாக்கை மீறியதோ அந்தத் தேசத்தின் பிரதிநிதி!

ரஷ்யாவில் சிறையிருந்த இமாம் ஷாமில் இதைக் கேள்விப்பட்டு, பாராட்டிக் கடிதம் எழுதினார். யுத்தத்தில் தலைமை ஏற்று, தோற்று, தலைமையை இழந்த இரண்டு ஆலிம்கள். ஒருவர் மற்றவரின் யுத்த வெற்றிகளைக் குறித்து எழுதவில்லை. எளியவர்களைக் காத்ததைக் குறித்தே எழுதினார்.

அவரைச் சிரியாவில் ஓர் அரபு அரசின் தலைவராக்கலாம் என்று பிரெஞ்சு வட்டாரங்களில் யோசனை எழுந்தது. அமீர் இணங்கவில்லை. அந்தத் தலைமையைக் கொடுக்க வந்தவர்கள் அவர் கையைப் பிடித்துப் பைஅத்துச் செய்யக்கூடிய ஜனங்கள் அல்லர்.

1871-ல் அல்ஜீரியாவில் முக்ரானியின் எழுச்சி நடந்தபோது, அமீரின் சொந்த மகன், பாட்டனாரின் பெயரைக் கொண்ட முஹிய்யித்தீன், இரகசியமாகப் போய் அதில் சேர்ந்தார். தந்தை அவரை வெளிப்படையாக நிராகரித்தார். இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று பிரான்சுக்கு அவர் கொடுத்த வாக்கு ஒன்று இருந்தது. பிரான்சு தன் வாக்கை மீறியது என்பது அவர் வாக்கை மீறக் காரணமாகவில்லை. இதை வாசிக்கும்போது நமக்கு உள்ளூர ஒரு சங்கடம் உண்டாகத்தான் செய்கிறது. தன் ஜனங்களின் விடுதலைக்காக எழுந்த மகனை நிராகரிப்பதா? மகனின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் தந்தை இப்போது அல்ஜீரியாவின் தலைவர் அல்லர். தலைவர் அல்லாத ஒருவர் தலைவரின் பெயரால் மறுபடி மனிதர்களைச் சாவுக்கு அழைப்பதற்கு அவரிடம் அனுமதிச் சீட்டு இல்லை. அதை அவர் அறிந்திருந்தார்.

1883 மே மாதத்தில் டமாஸ்கஸில் காலமானார். தாம் வாழ்நாளெல்லாம் ஓதி வந்த ஷைகு முஹிய்யித்தீன் இப்னு அரபியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார். விடுதலை பெற்ற அல்ஜீரியா, 1966-ல், அவருடைய உடலை அங்கிருந்து எடுத்து அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோய், நாட்டை நிறுவியவருக்குரிய மரியாதைகளோடு மறுபடி அடக்கம் செய்தது. எண்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் உஸ்தாதின் காலடியில் மாணவராகக் கிடந்தவரை எழுப்பிக் கொண்டுபோனார்கள். இம்முறை அவரிடம் யாரும் கேட்கவில்லை.